பத்து மணி மாத்திரை

ஆகஸ்ட் 4, திங்கள்

வீட்டுக்காரி பாவாத்தாளுக்கு இனி ஊசியும் வேண்டாம், கரண்டு வைப்பதும் வேண்டாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். கர்ப்பப்பையில் ஆரம்பித்த புற்று முதுகெலும்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. இனி நோவைக் குறைப்பது மட்டும்தான் வைத்தியம். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்பச் செரி, ஊட்டுக்குப் போலாமுங்களா மாமா?" என்றாள், ஏதோ சினிமா விட்ட மாதிரி.

மருந்து வாங்கத்தான் நாக்குத் தள்ளிவிட்டது. பெரியாஸ்பத்திரி மருந்தகத்தில் சர்க்கரைக்கு ஒரு ஜன்னல், பிரஷருக்கு ஒரு ஜன்னல், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஒரு ஜன்னல். எங்கள் சீட்டை ஒருத்தரும் வாங்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் கையைப் பின்பக்கம் காட்டினார்கள். மார்பின் மாத்திரையைக் கண்ட ஜன்னலில் கொடுக்கக் கூடாதாம். அதற்குத் தனி அறை, பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி, காவலுக்கு ஒரு மருந்தாளுநர். பெயர் பெனசீர். முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள். எனக்கு நிதானம் ஆகாது.

"ஐயா, இதை நாலு மணி நேரத்துக்கு ஒருக்காக் குடுக்கோணும். காலைல ஆறு, பத்து, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் ஆறு. படுக்கறப்ப ரெண்டாச் சேத்து. நோவு வந்த பொறவு இல்லீங்க, வர்றதுக்கு முன்னாலயே குடுக்கோணும். நல்லாத்தானே இருக்கறாங்கன்னு நிறுத்தப்படாது."

"அம்மிணி, நான் கோபி பஸ் ஸ்டாண்டுல நாப்பது வருசம் டைம் கீப்பர். ரெண்டு நிமிசம் பிந்துன டிரைவரைச் சட்டையப் புடிச்சு இறக்குனவன். எனக்கு நேரம் சொல்லித் தர்றயா?"

"அப்ப எனக்கு வேலை மிச்சமுங்க" என்று சிரித்தாள். பிறகும் விடவில்லை. காலியான அட்டைகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அதைப் பார்த்துத்தான் அடுத்ததைத் தருவார்களாம். வயிறு கட்டும், அதற்கு ஒரு மருந்து. அப்புறம் தூக்கத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். வெளியே வாடகை ஆம்னிக்காரன் ஹாரனில் கையை வைத்துவிட்டான். "தெரியும், தெரியும்" என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நோவு நின்றால் தூங்கத்தானே செய்வாள், அதில் பாடம் கேட்க என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ராத்திரி முழுக்க முனகல் இல்லை. மூன்று மாதத்தில் இதுதான் முதல் ராத்திரி. இந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவன் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும்.

பகலிலும் தூங்குகிறாள். எழுப்பி எழுப்பிச் சோறு ஊட்டினேன். ரசத்தில் உப்பு கூடிப்போயிற்று. "உப்பளத்துல பொறந்தீங்களா?" என்று கேட்க ஆள் விழித்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இன்றும் தூக்கம்தான்.

மத்தியானம் மூன்று மணி எங்கள் சீட்டு நேரம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்தபோது, இந்த மனுஷனை எப்படி மேய்ப்பது என்று யோசித்து அவளேதான் ரம்மி கற்றுக்கொண்டாள். சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டுத் துளசிமணி. ஆறே மாதத்தில் குருவையும் மிஞ்சினாள், என்னையும் மிஞ்சினாள். சீட்டுக் கலைக்கும்போது அவள் விரலைப் பார்க்க வேண்டும். வாய் ஒரு பக்கம் ஊர்க்கதை பேசும், விரல் ஒரு பக்கம் என் கழுத்தை அறுக்கும்.

இன்று தலையணை வைத்து உட்கார்த்திவிட்டேன். பதின்மூன்று சீட்டையும் வாங்கிக்கொண்டாள். இரண்டாவது முறை சீட்டு எடுப்பதற்குள் கண் செருகிவிட்டது. அத்தனையும் மடியில் கொட்டியது. ஜோக்கர் இரண்டு வைத்திருந்தாள்.

நான் அவற்றைப் பொறுக்கிக் கட்டினேன். வீட்டில் ஆள் இருந்தும் ஆள் இல்லை. இன்னும் எத்தனை நாள் இவள் என்னோடு இருப்பாளோ, அதையும் இப்படித் தூங்கியே தீர்த்துவிட்டால் நான் என்ன செய்வேன்? கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. பழைய சிலிண்டரை உருட்டிக் கொடுத்து, ரெகுலேட்டர் மாட்டி, கசிகிறதா என்று பார்த்ததில் பத்து மணி மாத்திரை விட்டுப்போயிற்று. பத்து மணி பஸ் வராவிட்டால் அடுத்த பஸ்ஸில் போகிறோம், அவ்வளவுதானே?

பதினோரு மணிக்கே கண்ணைத் திறந்துவிட்டாள். மத்தியானம் அருமையான பேச்சு. தனியார் பஸ் டிரைவர்கள் இருவர் ஒரே நேரத்துக்குக் கிளம்ப வந்து, நான் நடுவில் நின்று விசில் ஊதினேனே, இரண்டு வண்டியும் என் இரண்டு பக்கமும் உரசி நின்றதே, அதைத் துளசிமணிக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "விசிலை முழுங்கிட்டாரு துளசி, ரெண்டு நாளைக்கு மூச்சு உட்டாப் பீப்பீன்னு கேட்டுச்சு" என்றாள். சுத்தப் பொய். நான் விசிலை விழுங்கவே இல்லை. இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

அப்புறம் இரண்டு ஆட்டம். ஆளுக்கு ஒன்று.

ஆகஸ்ட் 9, சனி

பத்து மணியும் இரண்டு மணியும் தள்ளிப்போயின. அட்டையிலிருந்து கத்தரித்து எடுத்தவை ஈரத்தில் கிடக்க வேண்டாமே என்று, பொத்தான் போட்டு வைக்கும் தகர டப்பாவில் போட்டிருக்கிறேன். ஆறு மணிக்குத் தவறாமல் கொடுத்துவிட்டேன்.

இன்று மூன்று ஆட்டம், மூன்றும் நான்தான். இவளிடம் வரிசையாக மூன்று ஜெயித்தது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. எனக்குக் கைராசி திரும்பிவிட்டது. அவள் கவனிக்காமல் ஜோக்கரையே தூக்கிக் கீழே போட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் என்றால் ஆட்டம்தான்.

வெளியே ஆடிக்காற்று தென்னை மட்டையைப் பிய்த்துப் போடுகிறது. இவளுக்கு மட்டும் நெற்றியெல்லாம் வேர்வை. ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒரு வார மருந்து தீர்ந்த கணக்கில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். சக்கர நாற்காலி கேட்டு வாங்கி, அவளையும் பெனசீர் அறைக்கே தள்ளிக்கொண்டு போனேன். பெனசீர் காலி அட்டைகளைப் புரட்டினாள்.

"குறையுதுங்களே ஐயா?"

"ஊட்டுல எங்காச்சும் கெடக்கும். தேடிக் கொண்டாறேன்."

அவள் என்னை விட்டுவிட்டு நாற்காலிக்கு முன்னால் வந்து குந்தினாள். "அம்மா, நோவு ஒரு ரூபாய்ன்னு வெச்சுக்குவோம். இப்ப எத்தனை பைசா இருக்குதுங்க?"

"பத்துப் பைசாக்கூட இல்லை கண்ணு" என்றாள் பாவாத்தாள். "மாமா நேரம் தப்ப மாட்டாரு. பஸ் ஸ்டாண்டுல இருந்தவரு."

"இல்லீங்கம்மா, எதுக்குக் கேக்கறன்னா, முழுசாக் குடுத்தும் நோவுன்னா டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் குடுப்பாரு. குடுக்காம நோவுன்னா அது வேற. அப்பக் கூட்டுனா ஆபத்து. அதனால உள்ளதைச் சொல்லுங்க."

"உள்ளதைத்தானே சொல்றேன்? நோவே இல்லைங்கறேன்."

பெனசீர் எழுந்து என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தைப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்குக் கொடுத்தாள்.

ஆக, நோவு இல்லை என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். எனக்கு மனசிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கிவிட்டது. நோவில்லாதவளுக்கு எதற்கு நாளெல்லாம் மாத்திரை?

திரும்பும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் கையைப் பிடித்து நசுக்கினாள். விரல் இன்னும் வலிக்கிறது. இந்த ஆம்னிக்காரனுக்கு வண்டி ஓட்டவே தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

துணி துவைத்தேன். அவள் துண்டின் முனை பூராவும் குதறிக் கிடக்கிறது. எலிதான். எலிப்பொறி வாங்க வேண்டும்.

துளசிமணி சுண்டைக்காய்க் குழம்பு கொண்டுவந்தாள். "அக்கா மொகம் ஒரு மாதிரி கெடக்குதுங்களேண்ணா" என்றாள். வியாதிக்காரி முகம் பிறகு எப்படி இருக்கும்? இவளுக்கு எதிலும் ஒரு சந்தேகம்.

இரண்டு ஆட்டம். இரண்டும் நான்.

ஆகஸ்ட் 16, சனி

மழை. அவளால் உட்கார முடியவில்லை. முதுகுக்குத் தலையணை நிற்க மாட்டேன் என்கிறதாம். சீட்டு இல்லை. படுத்துக்கொண்டே பேசினாள். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். ஆனால் முழித்திருந்தாள். அது போதும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ரேஷன் கடைக்குப் போனேன். பாதி வழியில்தான் கார்டு எடுத்து வராதது நினைவு வந்தது. திரும்பினேன்.

படியேறும்போதே கேட்டது. மாடு கன்று போடும்போது தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் போடுமே, அந்தச் சத்தம். முதலில் எங்கள் வீட்டிலிருந்துதான் வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. 

செருப்பைத் தரையில் ஓங்கித் தட்டிக் கழற்றினேன். உடனே சத்தம் நின்றுவிட்டது.

உள்ளே போனேன். துண்டைத் தலையணைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் ஈரம். என்னைப் பார்த்து, "கார்டை மறந்துட்டீங்களா? டிவி மேல இருக்குது பாருங்" என்றாள், குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல்.

கார்டை எடுத்துக்கொண்டு மறுபடி ரேஷன் கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. வரிசையில் நின்றேன். சர்க்கரையும் பாமாயிலும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எலிப்பொறி தேவையில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பத்து மணி மாத்திரையைப் பத்து மணிக்குக் கொடுத்தேன். அவள் மாத்திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அரை மணியில் தூங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

துளசிமணியை வீட்டில் உட்கார்த்தி, எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது என்று சொல்லிவிட்டு, நான் மட்டும் பஸ் ஏறிப் பெனசீரிடம் போனேன். அறை வாசலில் கூட்டம். என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு முக்காலியைப் போட்டாள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பத்து மணி, இரண்டு மணி, தகர டப்பா, துண்டு. ரேஷன் கடைக்குத் திரும்பிப் போனது வரைக்கும் சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எதுக்குங்க ஐயா குறைச்சீங்க?"

"தூங்கிட்டே இருந்தா அம்மிணி. எங்கூடப் பேசவே இல்லை."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "ஐயா, அந்தத் தூக்கம் ஆரம்பத்துல ரெண்டு மூணு நாளைக்குத்தானுங்க. ஒடம்பு மாத்திரைக்குப் பழகற வரைக்கும். அந்த நாளைத் தாண்டிட்டா முக்காவாசிப் பேருக்குத் தெளிஞ்சுரும். அப்ப நோவும் இருக்காது, முழிச்சுட்டும் இருப்பாங்க. விட்டு விட்டுக் குடுத்தா ஒடம்பு எப்படிங்க பழகும்?"

நான் விரலை மடக்கி நாளை எண்ணிப் பார்த்தேன்.

"மொத நாளே சொல்ல வந்தனுங்க."

"நான் கேக்கல."

"வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுட்டே இருந்தான். நானாச்சும் உங்களைப் புடிச்சு வெச்சுச் சொல்லியிருக்கோணும்" என்றாள். யார் பெற்ற பிள்ளையோ, என் தப்பில் பாதியைத் தான் வாங்கிக்கொள்ளப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை.

இனி நேரத்துக்கு ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். விட்டதை எல்லாம் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. தட்டி எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மெதுவாகிவிட்டால், உடனே கூப்பிட வேண்டும். டாக்டருக்கும் அவளே விஷயத்தைச் சொல்லிவிடுகிறாளாம். செல் நம்பரை என் உள்ளங்கை அளவுக் காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். இந்த முறை கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டேன். திருப்பி ஒருமுறை அவளிடமே ஒப்பித்தேன்.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். கண்டக்டர் பழைய ஆள், என்னைத் தெரிந்தவன். டிக்கெட் கேட்காமல் தாண்டிப் போய்விட்டான். அவள் முழித்திருக்க வேண்டும் என்று கொடுக்காமல் வைத்தேன். கொடுத்திருந்தாலே முழித்திருந்திருப்பாள். இதைவிட முட்டாளை நாற்பது வருஷ பஸ் ஸ்டாண்டில் நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

தூங்குகிறாள். மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தூங்குகிறாள். எழுப்பினால் எழுகிறாள், கஞ்சி குடிக்கிறாள், மறுபடி தூங்குகிறாள். பயமாக இருக்கிறது. காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

காலையில் அடுப்படியில் இருந்தேன். "மாமா, காப்பி வெப்பீங்களா, இல்லை நானே எந்திரிச்சு வரட்டுமா?" என்று குரல் வந்தது.

டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன்.

முகம் தெளிந்திருந்தது. நெற்றியில் வேர்வை இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்து, "இதென்னங்க, சோளக்காட்டுப் பொம்மையாட்ட இளைச்சுக் கெடக்கறீங்க?" என்றாள். காப்பியைக் குடித்துவிட்டு, சர்க்கரை போதாது என்றாள். எனக்கு அந்தப் புகாரைக் கேட்கவே இனித்தது.

மூன்று மணிக்குச் சீட்டு. பத்து மணி மாத்திரையும் போட்டாயிற்று, இரண்டு மணி மாத்திரையும் போட்டாயிற்று, ஆள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விரல் பழையபடி ஓடியது. முதல் ஆட்டத்தில் நான் கையை அடுக்கிக்கூட முடிக்கவில்லை, டிக் அடித்து ஆட்டத்தை முடித்துவிட்டாள். மூன்று ஆட்டமும் அவளேதான்.

சீட்டைக் கட்டும்போது கேட்டுவிட்டேன். "நான் மாத்திரை குடுக்காம வெச்சது உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னங்க? பொத்தான் டப்பாத் தொறக்கற சத்தம் எனக்குக் கேக்காதா?"

"கேட்டிருக்கலாமுல்ல? நோவுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொன்னாக் குடுத்துருவீங்க. குடுத்தா நான் தூங்கிருவேன்." சீட்டுக்கட்டை என் கையிலிருந்து வாங்கி மறுபடி கலைக்க ஆரம்பித்தாள். "நான் தூங்குனா நீங்க சோறு திங்க மாட்டீங்க. மொத ரெண்டு நாளு பாத்தனே, தட்டுல போட்டது போட்டபடி இருந்துச்சு. செரி, இருக்கற வரைக்கும் முழிச்சுட்டு இருந்துட்டுப் போலாமுன்னுதான்."

"அந்த ஆஸ்பத்திரிப் புள்ளகிட்டயும் பொய் சொன்னயே."

"பின்னே, ஊட்டு ஆம்பளைய ஊரு முன்னால உட்டுக் குடுக்கறதா? ஆடுங்க."

ஆடினேன். சீட்டு ஒன்றும் தெரியவில்லை. ஜோக்கரைத் தூக்கிக் கீழே போட்டேன். அவள் அதை எடுக்காமல் என்னிடமே தள்ளினாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பெரியாஸ்பத்திரிக்கு நான் மட்டும் போனேன். பெனசீரிடம், "எந்திரிச்சு உக்காந்துட்டாம்மா" என்றேன். வேறு சொல்ல வரவில்லை. அவள் எழுந்து நின்று, "அப்படிங்களா, அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

டப்பாவில் இருப்பதைக் கொண்டுவந்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். காலையில் கையில் எடுத்தேன், கிலுகிலு என்றது, திரும்ப வைத்துவிட்டேன். இந்த மருந்து ஒரு மாத்திரை மிஞ்சினாலும் இங்கே வந்து சேர வேண்டும், அடுத்த முறை கட்டாயம் கொண்டுவாருங்கள் என்று கறாராகச் சொன்னாள். ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. அவள் கட்டிலில் இருந்தபடியே அதிகாரம் செய்ய, நான் கொழுக்கட்டை பிடித்தேன். பிள்ளையாரைவிடக் கொழுக்கட்டை கெட்டி. "இதைத் தின்னா எலி வாகனம் பஞ்சராயிரும்" என்றாள். துளசிமணிக்குப் புரையேறிவிட்டது.

இந்த ஐந்து நாளும் நன்றாக இருந்தோம். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையிலிருந்து விழுங்க முடியவில்லை. தண்ணீர்கூட வாயோரம் வழிகிறது. பெனசீருக்குப் போன் செய்தேன். டாக்டரைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். மாத்திரையைப் பொடித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, கன்னத்துக்கு உள்பக்கம் தடவிவிடச் சொன்னாள். "நேரத்தை மட்டும் விட்டுராதீங்க ஐயா. பேச மாட்டாங்க, ஆனா நோவு தெரியும்."

விடவில்லை. ஒன்றைக்கூட விடவில்லை.

கன்னத்தில் விரல் வைத்தபோது என் விரலை உதட்டால் லேசாகப் பிடித்தாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆறு மணி மாத்திரையைக் குழைத்து வைத்துவிட்டு எழுப்பினேன். எழவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

கருமாதி முடிந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். துளசிமணி இரண்டு வேளையும் சோறு கொண்டுவந்து, நான் உண்டு முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். "அக்கா சொல்லிட்டுத்தான் போயிருக்குதுங்கண்ணா" என்கிறாள்.

போன வாரம் பெனசீர் போன் செய்தாள். துக்கம் விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மிச்சம் இருக்கும் மாத்திரையை ஒப்படைக்க வேண்டும். இன்று போனேன்.

ஜன்னல்களில் அதே கூட்டம். பெனசீர் அறையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். புருஷனுக்கோ அப்பனுக்கோ முதல் தடவை வாங்க வந்திருக்கிறாள். பெனசீர் அவளை உட்கார வைத்து, தூக்கத்தைப் பற்றிச் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அப்புறம்தான் மாத்திரையைக் கையில் கொடுத்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் முறை வந்தது. அவள் ஒரு எஃகுத் தட்டை எடுத்து வைத்தாள். கடைசியாகக் கொடுத்த அட்டைகளில் மிஞ்சியதை அதில் வைத்தேன். பிறகு தகர டப்பாவைக் கவிழ்த்தேன். கத்தரித்த துண்டுகள் கலகலவென்று விழுந்து, உருண்டு, அட்டைகளோடு கலந்துவிட்டன. நடுவில் ஒரு சட்டைப் பொத்தானும் கிடந்தது. அதை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

நான் விரலால் துண்டுகளைத் தனியாக ஒதுக்கினேன். "இந்த அட்டை அவ போனதால மிஞ்சுனது. இதெல்லாம் நான் குடுக்காம வெச்சது. ரெண்டையும் வேற வேறயா எழுதிக்கம்மா."

"அப்படி எழுத எடமில்லைங்க ஐயா. 'நோயாளி இறந்ததால் மீதம்'னு ஒரே வரிதான்."

"அவ இறந்ததால இது மிஞ்சலயே."

அவள் உள்ளங்கையால் இரண்டையும் சேர்த்து ஒரே குவியலாக்கி, வாய்க்குள் எண்ண ஆரம்பித்தாள். ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். அவள் எண்ணுவது மாத்திரை. எனக்கு அது பாவாத்தாள் துண்டைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல், என்னோடு உட்கார்ந்திருந்த நேரம்.

எண்ணி முடித்து என்னிடம் கையெழுத்து வாங்கினாள். "செரியா இருக்குதுங்க ஐயா" என்றாள்.

எனக்குச் சரியாக இல்லை. மறுபடி பிரிக்கக் கையை நீட்டினேன். "போதுமுங்க ஐயா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அவள் தட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.